அழகு சாட்சி சொல்லுமா?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பளித்திருக்கக்கூடும். அமெரிக்க மண்ணில் பிறந்த ஒரு சமயத்தின் வேதநூலைப் பற்றி, அச்சமயத்தைச் சாராத உமக்குப் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இங்கும் சொல்கிறேன். ஒரு பனுவலின் நடையழகும் கட்டமைதியும் அப்பனுவலின் பழமைக்குச் சான்றாகுமா என்ற கேள்வியை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக, தங்கள் வாழ்வையே பணயமாக வைத்து விவாதித்து வருபவர்கள் மார்மன் அறிஞர்கள். நமக்கு அது ஒரு மாலைப்பொழுதின் வாதம். வாதம் முடிந்ததும் காப்பி அருந்திவிட்டு வீடு திரும்புவோம். அவர்களுக்கோ குடும்பம், சுற்றம், மறுமை ஆகிய அனைத்தும் அதன் விடையில் தொங்குகின்றன. அத்தகையோர் ஒரு நூலை எப்படிப் படிப்பார்கள் என்று காண்பது நமக்குப் பயன் தரும் என்று கருதினேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1805-இல் பிறந்த ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா என்னும் ஊர்ப்பகுதியில் வளர்ந்தவர். உழவர் குடும்பம், பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. வானதூதர் ஒருவர் காட்டிய குன்றில், பொற்றகடுகளில் பொறித்த பழைய ஏடு ஒன்று 1827-இல் தமக்குக் கிடைத்ததாக அவர் கூறினார். 1829-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலத்தில் நூலின் பெரும்பகுதியை அவர் வாய்மொழியாகச் சொல்ல, ஆலிவர் கௌடரி முதலியோர் எழுதினர். அகராதியைப் புரட்டிச் செய்த மொழிபெயர்ப்பு அன்று அது. ஒரு கல்லைத் தொப்பிக்குள் இட்டு, வெளிச்சம் புகாதபடி முகத்தை அதில் புதைத்து, அங்குத் தோன்றிய சொற்களை அவர் உரைத்தார் என்று அருகிலிருந்தோர் பின்னாளில் சாட்சி கூறியுள்ளனர். அக்கல்லின் ஒளிப்படத்தை 2015-இல் சபையே வெளியிட்டது. 1830 மார்ச்சில் 5000 படிகள் அச்சாயின. அச்சுக்கூலிக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற உழவர் தம் நிலத்தை அடகு வைத்தார்; மறு ஆண்டில் 151 ஏக்கரை விற்கவும் நேர்ந்தது. புத்தகம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இந்த அவையில் பலர் இருப்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நூலின் கதை இது. கி.மு. 600 வாக்கில் எருசலேமை விட்டு வெளியேறிய லேகி என்பவரின் குடும்பம் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்தை அடைகிறது. மக்கள் நேபியர், லாமானியர் என இரு பிரிவாகின்றனர். உயிர்த்தெழுந்த கிறிஸ்து அவர்களிடையே தோன்றுகிறார். ஆயிரம் ஆண்டுக் காலத்தின் முடிவில் நேபியர் முற்றும் அழிகின்றனர். அழிவின் விளிம்பில் நின்று முன்னோர் ஏடுகளைச் சுருக்கித் தொகுத்தவர் மார்மன். அதை முடித்துப் புதைத்தவர் அவர் மகன் மரோனி. நூல் தமிழிலும் ‘மார்மன் புஸ்தகம்’ என்ற பெயரில் உண்டு.

இனி விவாதங்களுக்கு வருகிறேன். நம்மவர்க்கு எளிதில் பிடிபடுவது பாடபேத ஆராய்ச்சி. ஆகவே அதிலிருந்து தொடங்குவது முறை. கேட்டு எழுதிய மூலப்படியை 1841-இல் ஜோசப் ஸ்மித் ஒரு கட்டடத்தின் மூலைக்கல்லுக்குள் வைத்தார். 1882-இல் திறந்தபோது ஈரம் பெரும்பகுதியைத் தின்றுவிட்டிருந்தது. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நூற்றுக்கு 28 பங்கு. அச்சகத்துக்கென எடுத்த இரண்டாம் படி கிட்டத்தட்ட முழுமையாகத் தப்பியது. 2017-இல் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை அதனை 3 கோடியே 50 இலட்சம் டாலருக்கு வாங்கியது. இவ்விரண்டையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும் பணியை 1988-இல் தொடங்கியவர் மொழியியலறிஞர் ராயல் ஸ்கௌசன். அவர் மீட்ட பாடம் 2009-இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். நேபியின் முதல் நூல் 12-ஆம் அதிகாரத்தில், தீயோரை நல்லோரிடமிருந்து பிரிக்கும் பெரும்பிளவு ஒன்று பேசப்படுகிறது. அச்சுப் பதிப்புகளில் அது கடவுளது நீதியின் ‘சொல்’ என்றே இருந்து வந்தது. மூலப்படியில் இருப்பதோ நீதியின் ‘வாள்’. ஆங்கிலத்தில் வாள் என்னும் சொல்லின் முதலெழுத்து விழுந்தால் எஞ்சுவது சொல். படியெடுத்த கௌடரியின் பேனா ஓரெழுத்தை விழுங்கிவிட்டது. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் வாள் சொல்லாகவே வழங்கியது. நூலின் பிற இடங்களில் நீதியின் வாள் என்ற தொடர் பலமுறை வருவதும் மூலப்படிக்குத் துணைநிற்கிறது. ஆயினும் சபையின் அதிகாரப்பூர்வப் பதிப்பில் ‘சொல்’ மாறவில்லை. ஏட்டுச்சுவடிகளோடு பழகிய தமிழருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. புதுமை எதுவெனில், இறைவன் அருளால் சொல் சொல்லாகக் கிடைத்தது என்று நம்பும் ஒருவரே இவ்வாராய்ச்சியைச் செய்தார் என்பது. நம்பிக்கை அவர் கண்ணை மறைக்கவில்லை. கூர்மையாக்கிற்று என்றே சொல்வேன்.

எல்லா மாற்றங்களும் பேனாப் பிழையால் வந்தவை அல்ல. முதற் பதிப்பில் மரியாள் ‘கடவுளின் தாய்’ என்றிருந்த ஓரிடம் 1837 பதிப்பில் ‘கடவுளின் குமாரனுடைய தாய்’ ஆயிற்று. இது வெறும் தெளிவுரையா, கோட்பாட்டு மாற்றமா? தாமஸ் அலெக்சாந்தர் என்னும் வரலாற்றறிஞர் 1980-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தொடக்கக்கால மார்மன் இறைக்கொள்கை பிற கிறிஸ்தவர்களின் கொள்கைக்கு நெருக்கமாகவே இருந்தது, பின்னரே படிப்படியாக மாறியது என்று வாதிட்டார். கடவுளும் ஒருகாலத்தில் மனிதர் போன்றிருந்து உயர்ந்தவர் என்னும் புகழ்பெற்ற கருத்து மார்மன் நூலில் வெளிப்படையாக இல்லை. 1844 ஏப்ரலில் ஜோசப் ஸ்மித் ஆற்றிய இறுதிச்சடங்கு உரையில் இருக்கிறது. அவ்வுரைக்கும் அவர் கைப்பட எழுதிய படி கிடையாது. கேட்டவர்கள் எடுத்த குறிப்புகளைக் கொண்டே அதை அறிகிறோம்.

இன்னொரு மாற்றம் இதினும் கூர்மையானது. லாமானியரின் வழித்தோன்றல்கள் வருங்காலத்தில் ‘வெண்மையும் இன்பமும்’ உடையோராவர் என்ற பொருள்பட இருந்த தொடரில், வெண்மை என்பதை 1840-இல் ‘தூய்மை’ எனத் திருத்தினார்கள். பின்வந்த பதிப்புகள் பழைய படியைப் பின்பற்றியதால் வெண்மை திரும்பி வந்தது. 1981 பதிப்பில் மீண்டும் தூய்மை. கைப்படியில் இருப்பது வெண்மைதான். லாமானியர் தங்கள் முன்னோர் என்று கற்பிக்கப்பட்ட அமெரிக்கப் பழங்குடி மக்களும் இந்நூலை வாசித்தார்கள் என்பதை நினைத்தால், பாடபேதம் புலவர்களின் பொழுதுபோக்கு அன்று என்பது விளங்கும்.

இப்போது நான் தலைப்பாக வைத்த கேள்விக்கு வருகிறேன். அதை முதலில் துணிந்து எழுப்பியவர் பி. எச். ராபர்ட்ஸ். 1857-இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கச் சமவெளியைக் கால்நடையாகக் கடந்து, சபையின் உயர்தலைவர்களுள் ஒருவரானவர். மார்மன் நூலுக்காக வாதாடிப் பெருநூல்கள் எழுதியவர். 1921-இல் ஒருவர் அனுப்பிய சில கேள்விகள் அவரிடம் வந்தன. கொலம்பஸ் வருமுன் அமெரிக்காவில் குதிரை ஏது, எஃகு ஏது, பட்டு ஏது? ஒரே குடும்பத்திலிருந்து குறுகிய காலத்தில் இத்தனை பழங்குடி மொழிகள் எவ்வாறு கிளைத்தன? விடை எழுத உட்கார்ந்த ராபர்ட்ஸுக்கு விடை கிடைக்கவில்லை; மேலும் கேள்விகளே கிடைத்தன. 1922 ஜனவரியில் சபையின் தலைமைக்குழு முன் 140 பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையை வைத்தார். தலைவர்கள் தங்கள் நம்பிக்கையைச் சாட்சியாகக் கூறினார்கள். அவருடைய கேள்விகள் அப்படியே நின்றன.

அதன்பின் அவர் தமக்காகவே எழுதிய ஓர் ஆய்வுதான் நம் கவனத்துக்குரியது. அமெரிக்கப் பழங்குடியினர் இஸ்ரவேலின் தொலைந்த கோத்திரத்தார் என்று கூறும் ஈதன் ஸ்மித் என்பாரின் நூல் 1823-இல் வெர்மாண்டில் வெளிவந்திருந்தது. அதற்கும் மார்மன் நூலுக்கும் உள்ள ஒப்புமைகளை ராபர்ட்ஸ் தொகுத்தார். அதோடு நில்லாமல், நூலின் கதைசொல்லும் முறையையே ஒரு திறனாய்வாளராக எடைபோட்டார். கிறிஸ்துவை மறுக்க வரும் எதிராளிகள் ஒவ்வொருவரும் ஒரே வார்ப்பில் இருப்பதைச் சுட்டினார். 2060 இளைஞர்கள் கடும்போர் புரிந்து, அனைவரும் காயமுற்று, ஒருவர்கூட மடியாத நிகழ்ச்சியைக் காட்டி, இது வரலாறு எழுதுவோன் கையா, அனுபவமற்ற இளைஞனின் கற்பனையா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். 1933-இல் அவர் இறந்தார். ஆய்வு 1985-இல்தான் அச்சேறியது. அவர் நம்பிக்கையை இழந்தாரா, அல்லது எதிர்ப்பக்க வாதத்தை முழு வலிமையோடு எழுதிப் பார்த்தாரா என்பது இன்றும் தீராத வழக்கு. பொதுமேடையில் அவர் இறுதிவரை நம்பிக்கையோடே பேசினார். கவனியுங்கள்: அவரைக் கலங்கச் செய்தவற்றுள் குதிரையும் எஃகும் மட்டுமல்ல, நடையின் முதிராமையும் ஒன்று. தாம் நேசித்த நூலில் ஒரு கதை கதையாகத் தோல்வியுறுவதை அவர் காது கேட்டுவிட்டது.

அதே காதுதான் 1967-இல் வேறொருவருக்கு நேரெதிராகக் கேட்டது. ஜான் வெல்ச் என்னும் இளைஞர் அப்போது ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் சபையின் ஊழியராக இருந்தார். விவிலியத்தில் காணும் ஒரு கட்டுமுறையைப் பற்றி அங்கு விரிவுரை கேட்டார். முதலில் சொன்னது இறுதியிலும், இரண்டாவது சொன்னது இறுதிக்கு முன்னும் என, சொற்களும் கருத்துகளும் தலைகீழ் வரிசையில் திரும்பி வந்து, நடுவில் இருப்பது சிகரமாக நிற்கும் முறை அது. நம் அணிநூலார் எதிர்நிரல்நிறை என்று சொன்னது இதற்கு உறவுடையது. ஆனால் நாம் அதை ஒரு செய்யுளுக்குள் கண்டோம், எபிரேய மரபு ஓர் அதிகாரத்தையே அப்படிக் கட்டவல்லது. விவிலியத்தில் இருப்பது மார்மன் நூலிலும் இருக்க வேண்டுமே என்று வெல்ச் தேடினார், கண்டார். அவர் காட்டியவற்றுள் தலைசிறந்தது ஆல்மாவின் நூல் 36-ஆம் அதிகாரம். தந்தை மகனிடம் தன் மனமாற்றத்தைச் சொல்லும் 30 வசனங்கள். அறிவுரையில் தொடங்கி, அடிமைப்பட்ட முன்னோர், வேதனை எனப் படிப்படியாக உள்ளிறங்கி, கிறிஸ்துவின் பெயரை அவன் நினைவுகூரும் இடத்தை நடுவில் நிறுத்தி, அதே படிகளில் மேலேறி, தொடக்க அறிவுரையில் முடிகிறது.

1969-இல் வெல்ச்சின் கட்டுரை வந்ததும் மார்மன் உலகம் மகிழ்ந்தது. பள்ளிப்படிப்பில்லாத இளைஞன், தொப்பிக்குள் முகம் புதைத்துச் சொன்னவன், இத்தகைய கட்டைத் தானே கட்டியிருக்க முடியுமா? ஆகவே நூல் பழமையானதே என்றார்கள். மறுப்பும் வந்தது. 2005-இல் ஏர்ல் வுண்டர்லி, அந்த அதிகாரத்தில் பொருந்தும் சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பொருந்தாத பெரும்பகுதிகளைத் தாண்டிச் சென்றால்தான் அவ்வடிவம் கிடைக்கிறது என்று காட்ட முயன்றார். ஜோசப் ஸ்மித் தம் காலத்தில் தம் பெயரிலேயே வெளியிட்ட வெளிப்பாடுகளிலும் இத்தகைய வடிவங்களைக் காட்டலாம் என்றனர் வேறு சிலர். விவிலியத்தின் இக்கட்டுமுறையை ஜான் ஜெப் 1820-இலேயே லண்டனில் நூலாக எழுதியிருந்தார் என்பதும் எடுத்துக்காட்டப்பட்டது. அந்நூல் பால்மைராவின் உழவர் வீட்டுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. வரவேண்டிய தேவையும் இல்லை என்பது என் கருத்து. விவிலியத்தை நாள்தோறும் செவிவழிக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதன் கட்டு எலும்போடு ஊறியிருக்கும். யாப்பிலக்கணம் பார்த்தா நாட்டுப்புறப் பெண் ஒப்பாரி சொல்கிறாள்?

ராபர்ட்ஸ் நடையின் குறையைக் கண்டு பழமையை ஐயுற்றார். வெல்ச் நடையின் நிறைவைக் கண்டு பழமையை உறுதிசெய்தார். இருவருடைய படிப்பும் எனக்கு உகந்தது. இருவருடைய முடிவும் எனக்கு உடன்பாடில்லை. பழங்காலத்தானும் மோசமாக எழுதுவான். நேற்றுப் பிறந்தவனும் அற்புதமாகக் கட்டுவான். அழகைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் அது யார் அழைத்தாரோ அவர்க்காகப் பேசும். நாமும் இத்தவற்றுக்கு விலக்கானவர்கள் அல்லர். ஒரு நூலுக்குக் காலத்தால் முன்னே தள்ளி வைத்தால் பெருமை, பின்னே தள்ளினால் இழிவு என்று நம் மேடைகளில் கேட்காத ஆண்டு உண்டா?

காலத்தைத் தீர்மானிப்பது அழகன்று, வேறு சான்றுகள். மார்மன் நூல் ஏசாயாவின் அதிகாரங்கள் பலவற்றை ஏறத்தாழ அப்படியே எடுத்தாள்கிறது, அதுவும் 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் சொற்களில். அவற்றுள் சில ஏசாயாவின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அப்பகுதி பாபிலோன் சிறையிருப்பின் இறுதிக்காலத்தில், கி.மு. 540 வாக்கில் எழுந்தது என்பது விவிலிய அறிஞர் பெரும்பாலோர் முடிவு. கி.மு. 600-இல் எருசலேமை விட்டுப் புறப்பட்டவன் அதைக் கையில் கொண்டுபோக இயலாது. ஏசாயா முழுவதும் ஒருவர் எழுதியதே என்று மறுத்தோர் உண்டு. பிளேக் ஓஸ்ட்லர் 1987-இல் இடைவழி ஒன்றைக் காட்டினார்: பழைய மூலம் ஒன்று இருந்தது, ஜோசப் ஸ்மித் அதைத் தம் காலத்து மொழியாலும் கேள்விகளாலும் விரித்துரைத்தார். மூலமும் உரையும் கலந்து ஒரே நூலாயின என்பது இதன் சாரம். இருதரப்பாரும் இதில் நிறைவடையவில்லை. எனக்கோ, விவாதத்தில் வந்த கருத்துகளுள் சிந்தனைக்கு மிகுந்த இடம் தருவது இதுவே எனத் தோன்றுகிறது. ஆயினும் எது மூலம், எது விரிவு என்று பிரித்துக் காட்டும் அளவுகோல் அதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2010-இல் கிராண்ட் ஹார்டி வழக்கையே ஒத்திவைத்துவிட்டார். சீனத்தின் பழைய வரலாற்றாசிரியர் சிமா சியானைப் பற்றி நூலெழுதிய இவர் நம்பிக்கையுள்ள மார்மன். நூலை எழுதியவர் யார் என்ற கேள்வியைச் சற்று நிறுத்திவிட்டு, நூலுக்குள் கதை சொல்பவர்கள் யார் என்று கேட்போம் என்றார். நேபி, மார்மன், மரோனி ஆகிய மூவருக்கும் மூன்று குணம், மூன்று மறைப்பு. நேபி தன் அண்ணன்மார் இருவரையும் எப்போதும் ஒரே குரலில் பேசவைக்கிறான். அவர்கள் பக்க நியாயம் நம் காதில் விழாதபடி பார்த்துக்கொள்கிறான். இக்கண்ணோடு நானும் படித்துப் பார்த்தேன். தன் மக்களைப் பற்றி நேபி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. ஏட்டைத் தம்பியிடம் ஒப்படைக்கிறான். தனக்குப்பின் அரசனாக்கியவனுக்குக் கதையில் பெயரே இல்லை. அந்த மௌனத்தில் ஒரு துயரம் இருப்பதாகப் பட்டது. எழுதியவன் கி.மு. ஆறாம் நூற்றாண்டானா, 1829-இன் இளைஞனா என்பது அத்துயரத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இவ்வழி எல்லாவிடத்தும் உதவாது என்பதற்கு ஆபிரகாமின் நூல் சான்று. 1835-இல் எகிப்திய மம்மிகளோடு வந்த நாணற்சுருள்களை 2400 டாலருக்கு வாங்கி, அவற்றிலிருந்து பெயர்த்ததாக ஜோசப் ஸ்மித் 1842-இல் வெளியிட்ட நூல் அது. 1880-இல் வேதநூலாக ஏற்கப்பட்டது. சுருள்கள் சிகாகோ நெருப்பில் அழிந்தன என்று கருதியிருந்த நிலையில், அவற்றின் துண்டுகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கிடைத்து, 1967 நவம்பரில் சபையிடம் சேர்ந்தன. எகிப்தியல் அறிஞர்கள் படித்தனர். ஹோர் என்னும் பூசகருக்காக எழுதிய ஈமச்சடங்கு நூல் அது. ஆபிரகாமின் பெயரே இல்லை. தொலைந்துபோன பகுதியில் மூலம் இருந்திருக்கலாம் என்பார் ஒரு சாரார். சுருள் வெறும் தூண்டுகோலே, நூல் வெளிப்பாடாக வந்தது என்பார் வேறு சிலர். எஞ்சிய துண்டுகளின் எழுத்து ஆபிரகாமின் நூலோடு பொருந்தவில்லை என்பதை 2014-இல் சபை வெளியிட்ட கட்டுரையே ஒப்புக்கொண்டது. மூலம் கைக்கு எட்டும் இடத்தில் அழகைப் பேசி ஒதுங்கிக்கொள்ள முடியாது. ‘மொழிபெயர்ப்பு’ என்ற சொல்லுக்கு இவர்கள் புதுப்பொருள் தேடியது இதற்குப் பின்னரே தீவிரமடைந்தது.

இவ்வளவும் நூலகத்து அமைதியில் நடந்த விவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். 1993 செப்டம்பரில் அறிஞர்கள், எழுத்தாளர்கள் அறுவர் மீது சபை நடவடிக்கை எடுத்தது. ஐவர் நீக்கப்பட்டனர், ஒருவர் உறுப்புரிமைகள் குறைக்கப்பட்டார். நீக்கப்பட்டவருள் ஏசாயா ஆராய்ச்சியாளர் அவ்ராம் கிலியாடியும் ஒருவர். அவர் ஏசாயாவின் நூல் ஒரே ஆசிரியருடையது என்று வாதிட்டவர். அதாவது, மரபுக்குத் துணைநின்றவர். ஆராய்ச்சியின் முடிவு எதுவாயினும் ஆராய்ச்சியாளன் தலைக்குமேல் கத்தி தொங்கும் காலம் ஒன்று உண்டு போலும். அவர் பின்னர்ச் சபைக்குத் திரும்பினார்.

லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன் திரும்ப இயலவில்லை. அவர் பதிப்பாசிரியர். சபைத் தலைமை அறிவாளிகளை நடத்திய விதத்தை ஆண்டுவரிசைப்படி தொகுத்து 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டதே அவர் செய்த குற்றம். நீக்கப்பட்ட பிறகும் அவர் தம் ஊர்ச் சபையின் வழிபாட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. உறுப்பினர்க்குரிய உரிமை ஒன்றும் இல்லாமல் அதே இருக்கைகளில் அமர்ந்தார். அக்காலத்திலேயே ஜோசப் ஸ்மித்தின் தாய் லூசி எழுதிய குடும்ப வரலாற்றின் கைப்படியையும் 1853-இன் அச்சுப்படியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, 2001-இல் பெரும்பதிப்பாக வெளியிட்டார். மீண்டும் ஞானஸ்நானம் பெற அவர் செய்த விண்ணப்பத்தை 2019-இல் சபைத் தலைமை ஏற்க மறுத்தது. 2023-இல் அவர் காலமானார். அவர் பதிப்பித்த லூசியின் நூலை இன்று சபையின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் எடுத்துப் பார்க்கிறார்கள்.